பார்த்து அறிதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பகுதியில் தாய்மார்களுக்கு வயிற்றுப்போக்கு, கைகழுவுதல் பற்றி வகுப்பெடுக்கும் தொண்டு நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். வகுப்புகள் முடிந்து கேள்வித்தாள் வைத்தபோது பெரும்பாலோர் சரியாகவே சொன்னார்கள். ஆனாலும் வீடுகளுக்குச் சென்று நேரில் கவனித்து மதிப்பிட வேண்டும் என்கிறார் மேலதிகாரி. நாம் பார்ப்பது தெரிந்தால் அவர்கள் நடிக்க மாட்டார்களா? எத்தனை வீடுகள் போதும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வீடுகளின் எண்ணிக்கையைப் புள்ளியியல் அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை உறுத்துவது, "சரியாகவே சொன்னார்கள்" என்பதில் தெரியும் உங்கள் நிம்மதி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் காலம் முதல் மருத்துவர்கள் வந்துபோகும் மண் இது, பக்கத்துக் கே.வி.குப்பத்துக்கு ரூசா என்னும் அந்த மருத்துவமனையின் கிராம சுகாதாரப் பிரிவு வந்ததே 1977-இல். நோட்டும் பேனாவுமாக ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது இங்குள்ள பாட்டிமார்களுக்குக்கூடத் தெரியும். நீங்கள் அளந்தது அவர்களுடைய நினைவாற்றலை, கொஞ்சம் விருந்தோம்பலையும்.

பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இத்தகைய ஆய்வுக்கு நானும் உடன் சென்றிருக்கிறேன். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசலை எப்படிக் கலப்பது என்று கேட்டதற்கு, "ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுப் பாக்கெட்" என்று தடையின்றிச் சொன்ன ஒரு பெண்மணி, சற்று நேரத்தில் வயிற்றுப்போக்கோடு கிடந்த பேரனுக்காகப் பாக்கெட்டைக் கிழித்தார். எவர்சில்வர் டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கினார். மீதியை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். எங்கள் கண்ணெதிரிலேயே, எந்தத் தயக்கமும் இல்லாமல்! 20.5 கிராம் பொடியை ஒரு லிட்டரில் கரைத்தால்தான் உப்பும் குளுக்கோசும் உரிய அளவில் இருக்கும். பாதிப் பொடியை 200 மில்லி டம்ளரில் கரைத்தால் கரைசல் இரண்டரை மடங்கு அடர்த்தியாகிவிடும். அது குழந்தையின் இரத்தத்தில் உப்பைக் கூட்டி ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடியது. அவரைப் படிக்காதவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வீட்டில் குடம் இருந்தது, சொம்பு இருந்தது, லிட்டரைக் காட்டும் பாத்திரம் இல்லை. பிள்ளை ஒரு டம்ளருக்கு மேல் குடிக்காது. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் நீங்கள்தானே சொல்லிக்கொடுக்கிறீர்கள்? முக்கால் லிட்டரைக் கீழே கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. இந்தக் காரணம் எந்தக் கேள்வித்தாளிலும் அகப்பட்டிருக்காது.

நடிப்பார்களா என்றால், முதல் நாள் நடிப்பார்கள்தான். ஹாதார்ன் விளைவு என்று அதற்குப் பெயரே உண்டு. முதல் வருகையில் கண்டதைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடியும் போங்கள். அனுமதி கேளுங்கள், ஆனால் கைகழுவுவதைப் பார்க்க வந்ததாகச் சொல்லாமல், குழந்தை வளர்ப்பைப் பார்க்க வந்ததாகப் பொதுவாகச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் சோப்பு இருக்கிறதா, அது ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே நடித்தாலும், தெரிந்ததைத்தானே ஒருவர் நடிக்க முடியும், அம்மா? அந்தப் பெண்மணி டம்ளரில் கலக்கியது நாங்கள் பார்க்கிறோம் என்று நன்றாகத் தெரிந்துதான்.

நீங்கள் அக்கறையோடு எழுதியிருப்பதால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன். படிவத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களோடு நிற்காமல், என்ன பாத்திரம், எவ்வளவு தண்ணீர், மீதிப் பொடி எங்கே போயிற்று என்று எழுத அகலமாக இடம் விடுங்கள். அடுத்த வகுப்புக்கு வருகிறவர்களை அவரவர் வீட்டுச் சொம்பை எடுத்துவரச் சொல்லுங்கள். லிட்டர் பாட்டிலால் அதில் தண்ணீர் அளந்து ஊற்றி, எத்தனை சொம்பு ஒரு லிட்டர் என்பதை அவர்களே கண்டு சொல்லட்டும்.