சோள இலையில் சிவப்புப் புள்ளி: முதலில் தண்ணீர் அடிப்பதை நிறுத்துங்கள்

வணக்கம் அண்ணே. பட்டர்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் போட்ட சோளத்தில் அடியிலைகளில் சிவப்பு விளிம்போடு புள்ளி வந்து மேலே ஏறுகிறது, தினமும் சாயங்காலம் பைப்பில் செடி முழுக்க நனைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஈரம்தான் பூஞ்சைக்குத் தீனி. ராத்திரி முழுக்க இலை காயாது, நம் பினாங்கு புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இனி காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

அப்புறம் புள்ளியை விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் ஒட்டினால் துரு நோய். சுருட்டு மாதிரி நீண்ட கருகல் என்றால் இலைக்கருகல். வைக்கோல் நிற நடுவில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கறுப்புப் பொட்டுகள் தெரிகிறதா? அது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய், இந்தச் சூட்டுக்கு எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

எதுவானாலும் நோய் பிடித்த அடியிலைகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், அங்கேயே விட்டால் இலைக்கருகல், ஆந்த்ராக்னோஸ் பூஞ்சைகள் காய்ந்த இலையிலும் உயிரோடு கிடக்கும். மேங்கோசெப் என்ற பூஞ்சை மருந்து புது இலையைக் காக்கும், வந்த புள்ளியை ஆற்றாது, அதனால் லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். இந்தச் செடியிலிருந்து விதை எடுக்க வேண்டாம், அடுத்த முறை அதே பாத்தியில் பயற்றங்காய் போடுங்கள்.

கதிர் வந்துவிட்டதா அண்ணே? அதைச் சொன்னால் மருந்து அடிக்கலாமா என்று பார்க்கலாம்.