வாலடியில் ஒட்டும் புழுக்கை: முயலின் தீனியில் எது குறைகிறது?

கேள்வி: எங்கள் வீட்டு முயலுக்கு எட்டு மாதம், எடை இரண்டு கிலோ. காலையில் கேரட், பகலில் ஒரு கிண்ணம் நிறையப் பெல்லட் (அரைத்து அழுத்திச் செய்த தீவனத் துண்டுகள்), மாலையில் முட்டைக்கோஸ் அல்லது பிஸ்கட் கொடுக்கிறோம். சில வாரங்களாக வாலடியில் பிசுபிசுப்பான புழுக்கை ஒட்டியிருக்கிறது. இது வயிற்றுப்போக்கா?

பதில்: தண்ணீராகக் கழியாமல், உருண்டையான உலர்ந்த புழுக்கையும் வழக்கம்போல் விழுகிறது என்றால், இது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு அல்ல. முயல் இரண்டு வகைப் புழுக்கை இடும். அவற்றுள் மென்மையான வகை, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள பெரிய பையில் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டு, புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்து வெளிவருவதால், முயல் அதை வாய்வைத்து அப்படியே உண்டுவிடும். நார்ச்சத்து குறைந்து மாவும் சர்க்கரையும் மிகும்போது அந்த நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு அது களிபோல் இளகிவிடுகிறது. பெல்லட்டிலேயே வயிறு நிறைந்த முயல் அதை உண்ணாமல் விட்டுவிடுவதும் உண்டு.

உங்கள் பட்டியலில் புல்லே இல்லை என்பதுதான் குறை. முயலின் தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல்லோ உலர்புல்லோ இருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் வளரும் அதன் பற்கள் தேய்வதும், குடல் ஓயாமல் அசைவதும் அந்த நாரால்தான். மருந்து தெளிக்காத இடத்து அருகம்புல்லை நன்கு கழுவி, ஈரம் வடித்து, தட்டுப்பாடில்லாமல் வையுங்கள். நெல் வைக்கோலில் நார் இருந்தாலும் சத்து குறைவு என்பதால் அது புல்லுக்கு ஈடாகாது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் புரதமும் கால்சியமும் அதிகம். குட்டிகளுக்கு ஏற்ற அது உங்கள் முயலின் அன்றாடத் தீனி ஆகக் கூடாது, ஏனெனில் முயலின் உடல் மிகுதியான கால்சியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும்போது அது சிறுநீர்ப்பையில் வண்டலாகப் படியக்கூடும். முருங்கை, அகத்திக் கீரைகளையும் இதே காரணத்தால் எப்போதாவது மட்டும் கொடுக்கலாம்.

பெல்லட்டை நாளுக்கு 50 கிராமுக்குள் நிறுத்துங்கள். (கறிக்காக வளர்க்கும் பண்ணைகளில் அடர்தீவனம் தாராளமாகக் கொடுப்பது விரைவில் எடை கூட்டுவதற்காக, அந்த அளவு வீட்டு முயலுக்குப் பொருந்தாது.) கொத்தமல்லி, புதினா போன்ற தழைகள் ஒரு கைப்பிடி போதும். கேரட் வாரத்தில் ஓரிரு துண்டுகள். பிஸ்கட்டை அடியோடு விட்டுவிடுங்கள். சோறு, ரொட்டி, வெங்காயம், பூண்டு, சாக்லேட் எதுவும் ஆகாது.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் இரண்டு, மூன்று வாரங்களில் படிப்படியாகச் செய்யுங்கள். அதுவரை வாலடியை நாள்தோறும் பார்த்துத் துடைத்து உலர்த்துவது அவசியம், ஏனெனில் அழுக்கில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். தீனி மாறியும் ஒட்டுவது நிற்காவிட்டால் பல், முதுகெலும்பு ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் சோதிக்கட்டும். முயல் அரை நாளுக்கு மேல் எதையும் தின்னாமலோ புழுக்கை இடாமலோ இருந்தால், மறுநாள் வரை காத்திராமல் உடனே அவரிடம் கொண்டுசெல்லுங்கள். அமாக்ஸிசிலின் போன்ற, வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக வாய்வழியே கொடுப்பது அதன் உயிருக்கே ஆபத்து.