உவர் தாங்கும் நெல்: திருகோணமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மூதூர்: கடல்தண்ணி ஏறின வயலுக்கு மரபணு மாற்றின நெல்விதை எங்க எடுக்கலாம், சேர்?

இலங்கையில் அப்படி ஒரு விதை விற்பனையில் இல்லை. யாராவது அந்தப் பெயர் சொல்லி விற்றால் வாங்காதீர்கள். ஏ.ரி. 354 என்ற நெல்லினத்தைப் போட்டுப் பாருங்கள். உவர் தாங்கும் கேரளத்துப் பொக்காளி நெல்லோடு கலந்தெடுத்த இனம், மரபணு மாற்றியதல்ல. அதற்கு முன் மண்ணின் மின்கடத்துதிறனை அளப்பியுங்கள்; உப்பு கூடினால் அதுவும் கூடும். மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினால், கூடும் ஒவ்வோர் அலகுக்கும் சாதாரண நெல்லின் விளைச்சல் ஏறத்தாழ 12 சதவீதம் விழும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் நெல்லுக்கு ஆபத்து.

கிண்ணியா: உப்பு தாங்க வைக்கிற மரபணு என்ன செய்யுது?

ஒன்றல்ல, பல. உவர் தாங்கும் நோனா பொக்ரா நெல்லில் 2005இல் கண்டறிந்த எச்.கே.ரி. 1;5 மரபணு, வேரிலிருந்து நீரேற்றும் காழ்க்குழாயில் ஏறும் சோடியத்தை இலைக்குப் போகவிடாமல் பின்னுக்கு இழுக்கிறது. என்.எச்.எக்ஸ். 1 மரபணு சோடியத்தைக் கலத்தின் உள்ளே இருக்கும் பையான புன்வெற்றிடத்துக்குள் தள்ளிப் பூட்டுகிறது.

கோணேசபுரி மாணவி: அக்ரோபாக்டீரியம் தொற்ற வைத்த பிறகு கலஸ் வழவழத்து அழுகுது சேர். ஏன்?

அக்ரோபாக்டீரியம் என்பது செடிக்குள் மரபணுவைக் கடத்தும் பாக்டீரியா; கலஸ் என்பது கன்றாக வளரக்கூடிய கலத்திரள். உங்கள் கலஸில் பாக்டீரியா மிஞ்சி வளர்ந்துவிட்டது. பாக்டீரியாக் கரைசலின் அடர்த்தியைக் குறையுங்கள். 10–15 நிமிடம் ஊறியதும் கிருமி நீக்கிய வடிதாளில் நன்றாக ஒற்றியெடுங்கள். ஈரம் மிஞ்சினால் வேலை கெட்டது. 3 நாள் இருட்டில், 25 பாகையில் வையுங்கள். மின்சாரம் போய் அறை 30ஐத் தொட்டால் பாக்டீரியா பெருகும், மரபணு கடத்தலோ குறையும். பிறகு பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்சிம் மருந்து லீற்றருக்கு 250 மில்லிகிராம் கலந்த நீரில், தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். கலஸையும் கவனியுங்கள்: உலர்ந்து, வெளிர் மஞ்சளாய், மணிமணியாய் உதிர்வதே நல்லது. நம் இண்டிகா வகை நெல்லினங்களில் கலஸிலிருந்து கன்று முளைப்பது கடினம். நீர்கோத்துப் பழுப்பேறிய கலஸை அப்போதே எறியுங்கள்.

அதே மாணவி: டி.ஆர்.ஈ.பி. 1ஏ போட்ட கன்றுகள் குட்டையாகவே நிக்குது.

டி.ஆர்.ஈ.பி. 1ஏ, வரட்சி, உப்பு, குளிரைத் தாங்கவைக்கும் மரபணு. மரபணுவை இயக்கும் பகுதிக்குப் புரமோட்டர் என்று பெயர்; 35எஸ் புரமோட்டர் அந்த மரபணுவை நாள் முழுக்க இயக்குகிறது. செடி வளர்ச்சியை அடக்கிக்கொள்ளும். வரட்சி, உப்பு, குளிர் வந்தால்தான் விழிக்கும் ஆர்.டி. 29ஏ புரமோட்டரைப் போடுங்கள். 1999இல் அரபிடொப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் குட்டைத்தன்மை பெருமளவு குறைந்தது இப்படித்தான்.

தம்பலகாமம்: வரட்சிக்கு?

இந்தியா 2025 மே மாதம் அறிவித்த பூசா டி.எஸ்.டி. நெல் 1ஐக் கவனியுங்கள். எம்.ரி.யூ. 1010 என்ற நெல்லினத்தில், வரட்சி, உப்புத் தாங்குதலோடு தொடர்புள்ள டி.எஸ்.டி. மரபணுவைத் திருத்தியெடுத்தது.

கோணேசபுரி: உப்பு தாங்குதா என்று எப்படிச் சோதிக்கிறது?

யொஷிடா என்ற ஊட்டக் கரைசலில் நாற்றை வளர்த்து, லீற்றருக்கு 3 கிராம் உப்பு சேருங்கள். 3 நாள் கழித்து 6 கிராமாக்குங்கள். எடுத்தவுடன் முழு அளவும் போட்டால் அதிர்ச்சியிலேயே சாகும். பீ.எச். 5ஐ விட்டு விலகவிடாதீர்கள். ஒப்பிட, பக்கத்தில் உப்புத் தாங்காத ஐ.ஆர். 29 நெல், தாங்கும் பொக்காளி, கூடவே மரபணு சேராத சகோதரக் கன்றும் இருக்கட்டும். ஐ.ஆர். 29 சாகும்போது மற்றவற்றின் சேதத்துக்குப் புள்ளி கொடுங்கள். நாற்றுத் தப்பியதை வெற்றியென்று எழுதாதீர்கள். உவர் மண்ணில் கதிர் தள்ளி மணி பிடிக்கும்வரை தொடருங்கள்.