எச்சில் சோதனையில் என்ன தெரியும்?

கேள்வி: என் ஆயாவுக்கு மறதி நோய் இருந்தது. இப்போது அம்மாவுக்கும் அல்சைமர் என்கிறார் டாக்டர். தம்பி எச்சில் சோதனை செய்து பார்த்ததில் அவனுக்கு 'ஏ.பி.ஓ.இ. 4' ஒன்று இருக்கிறதாம். நானும் செய்து பார்க்கட்டுமா? பலவகை மூலக்கூறுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் மூளை நோய் புரியும் என்கிறார்களே, அது என்ன?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: செய்யாதீர்கள் என்று தடுக்க மாட்டேன், ஆனால் அதில் தெரிவது ரொம்பக் கொஞ்சம். ஏ.பி.ஓ.இ. என்ற அந்த மரபணுவுக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு 1993-லேயே தெரிந்துவிட்டது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு அதில் இரண்டு வரும்; அவற்றில் நாலாம் வகை ஒன்று இருந்தால் ஆபத்து கூடும், இரண்டு இருந்தால் இன்னும் கூடும். அதை வைத்துக்கொண்டே கடைசிவரை தெளிவாக இருந்தவர்களும் உண்டு, அது இல்லாமலே மறதி வந்தவர்கள் ஏராளம்.

சரி, தரவு விஷயத்துக்கு வருவோம். உடம்பின் எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான். எந்த செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்பதை ஆர்.என்.ஏ.வில், அதாவது வேலை செய்யும் மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலில், பார்க்கலாம், கடைசியில் என்ன உருவானது என்பதைப் புரதத்தில் பார்க்கலாம், ஆனால் ஆர்.என்.ஏ. கூடினால் புரதமும் கூடும் என்று நம்பிவிட முடியாது. அதனால்தான் ஒரே ஆளிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. உயிரோடு இருப்பவரின் மூளையைச் சும்மா வெட்டி எடுக்க முடியாது, இறந்தவரின் மூளைதான் கிடைக்கும். அதில் ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ. குறைந்திருந்தால் அது நோய்க்குக் காரணமா, இல்லை நோயால் நரம்பணுக்கள் செத்துப்போனதால் குறைந்ததா? இங்கேதான் டி.என்.ஏ. கைகொடுக்கிறது, ஏனென்றால் அது பிறக்கும்போதே வந்தது, நோய் வந்து அதை மாற்றியிருக்க வழியில்லை. 2013-ல் டிரெம்2 என்ற மரபணுவில் ஒரு அரிய மாற்றம் அல்சைமர் ஆபத்தைக் கூட்டுகிறது என்று கண்டார்கள், மூளையில் அது வேலை செய்வது நரம்பணுக்களில் அல்ல, மைக்ரோகிளியா என்ற காவல் செல்களில். ஆபத்தோடு தொடர்புள்ள வேறு பல மரபணுக்களும் அங்கேயே போய் நின்றன. எந்த செல் என்று காட்டும் ஆர்.என்.ஏ.வைச் சேர்க்காமல் டி.என்.ஏ.வை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

சிகாகோவிலிருந்து நடத்தப்படும் ஓர் ஆய்வில் 1994 முதல் கன்னியாஸ்திரீகளும் பாதிரியார்களும் வருடா வருடம் நினைவுச் சோதனைக்கு உட்பட்டு, இறந்தபின் மூளையையும் கொடுக்கிறார்கள். இப்படிக் கிடைத்த 48 பேரின் மூளையிலிருந்து சுமார் 80,000 செல் உட்கருக்களின் ஆர்.என்.ஏ.வைத் தனித்தனியாகப் படித்து 2019-ல் வெளியிட்டார்கள்.

அப்புறம், எனக்கு எரிச்சல் தரும் ஒரு விஷயம். இந்தத் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதே நாலாம் வகையின் விளைவு குறைவாக இருக்கிறது என்று ஏற்கனவே தெரியும். அப்படியிருக்க 1860-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த நம் குடும்பங்களுக்கு எச்சில் சோதனை அறிக்கை போடும் 'இத்தனை மடங்கு' கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்றால் மரபணு ஆலோசகர் ஒருவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். அதைவிட முக்கியம் சர்க்கரை, ரத்த அழுத்தம், காது கேட்பது, இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வது. மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோய்களில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டிருக்கிறது.

கேள்வி: மூளையைத் தானம் கொடுத்தால் முகம் கெட்டுவிடுமா? வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்துத்தானே சடங்கு செய்கிறோம்.
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கெடாது. தலையின் பின்பக்கமாக எடுத்துத் தைத்துவிடுவார்கள், முகம் அப்படியே இருக்கும். நோய் இல்லாதவரின் மூளையும் தேவை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. ஆனால் நேரம் போகப் போக ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும் என்பதால் சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நல்லது, ஆகவே பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.