ஷவர் சுவரில் போர்சலின் நிற்குமா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் பழைய வீட்டின் குளியலறையைப் புதுப்பிக்கிறோம். 5 அடிக்கு 8 அடி. ஷவர் மூலைக்குப் போர்சலின் டைல்ஸ்தான் போட வேண்டும், தண்ணீர் இறங்காது என்கிறார் கடைக்காரர். மேஸ்திரியோ, "அது சுவத்துல நிக்காதுங்க, கழண்டு விழுந்துரும், சாதா வால் டைல்ஸே போதும்" என்கிறார். எங்கள் போர் தண்ணீர் கடும் உப்பு. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு பாதிக்கும் காரணம் ஒன்றேதான்: போர்சலின் தண்ணீர் குடிக்காது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வெளிநாடுகளில் போர்சலின் என்பதை நம் கடைகளில் பெரும்பாலும் விட்ரிஃபைடு என்பார்கள். மேலே டிசைன் அச்சிட்டு, கிளேஸ் எனும் கண்ணாடி போன்ற பூச்சு பூசியது ஜிவிடி. அதையே பாலிஷ் போட்டால் பிஜிவிடி. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குவதில் இவை ஏராளம். சுமார் 1200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்து இறுகியவை. தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்பதுதான் இந்த ரகத்துக்கான வரையறை. உங்கள் மேஸ்திரி சொல்லும் வால் டைல்ஸ் செராமிக். அது 10 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். கடையில் சந்தேகம் வந்தால் டைல்ஸைத் திருப்பி, முதுகில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். செராமிக் கண் முன்னாலேயே குடித்துவிடும். விட்ரிஃபைடில் தண்ணீர் அப்படியே நிற்கும்.

இப்போது மேஸ்திரியின் பயத்துக்கு வருவோம். அந்தக் காலத்திலிருந்து வால் டைல்ஸைத் தொட்டியில் ஊறப்போட்டு, முதுகில் சிமெண்ட் கலவையை அப்பி, சுவரில் வைத்துக் கரண்டிக் காம்பால் தட்டி ஒட்டுவது வழக்கம். செராமிக்கின் நுண்துளைகளுக்குள் சிமெண்ட் பால் புகுந்து இறுகுவதால் பிடிப்பு கிடைக்கிறது. விட்ரிஃபைடுக்கு அந்தத் துளைகளே கிடையாது. அதே முறையில் ஒட்டினால் கலவை சுவரோடு நிற்கும், டைல்ஸ் மட்டும் தனியே கழன்று வரும். ஒரு வீட்டில் அப்படி விழுந்த துண்டின் முதுகைப் பார்த்தேன். கழுவித் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. மேஸ்திரி இதை எங்கோ பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஆனால் குற்றம் ஒட்டிய விதத்தில்.

ஆகவே போர்சலின் வாங்குவதென்றால் டைல் அட்ஹெசிவும், அதாவது டைல்ஸ் ஒட்டும் பசையும், சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணைத் தேடுங்கள். அதில் டைப் 1 சாதா செராமிக்குக்கு ஆனது. உங்களுக்கு டைப் 2-க்குக் கீழே வேண்டாம். 2-க்கு 4 அடி டைல்ஸ் என்றால் டைப் 3. டைல்ஸின் முதுகில் சூளையிலிருந்து வரும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அதை ஈரத்துணியால் துடைக்காமல் ஒட்டினால் எந்த அட்ஹெசிவும் அந்தப் பொடியைத்தான் பிடிக்கும். சுவரில் பல் கரண்டியால் சீராக இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாகத் தடவ வேண்டும். நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைக்க மட்டும் விடவே விடாதீர்கள். இடைவெளியெல்லாம் தண்ணீர் தேங்கும் இடமாகிவிடும். முதல் டைல்ஸை ஒட்டியதும் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை பரவியிருக்க வேண்டும்.

கடைக்காரரின் பாதிக்கும் ஒரு திருத்தம். டைல்ஸ் தண்ணீர் குடிக்காது, சரி. டைல்ஸுக்கு டைல்ஸ் நடுவே இருக்கும் இணைப்பு குடிக்குமே! குளியலறைக்குப் பின்னால் இருக்கும் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பி உதிர்வது பெரும்பாலும் இணைப்பு வழியாகவோ, குழாய் துளை வழியாகவோ இறங்கிய தண்ணீரால்தான். எனவே பூச்சின் மேல் வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே, ஷவர் பக்கம் ஏழடி உயரம் வரை. டைல்ஸ் ஒட்டும் முன் சுவருக்குள் போகும் குழாய்களுக்கு பிரஷர் டெஸ்ட், அதாவது அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது, அவசியம்.

உப்புத் தண்ணீர்தான் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி என்பேன். தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்பு படியும். எந்த டைல்ஸிலும் படியும். கருப்பு பளபளா டைல்ஸ் ஷோரூம் வெளிச்சத்தில் ஆளை மயக்கும், உங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் திருநீறு பூசியது போல ஆகிவிடும். கல் போல மேடு பள்ளம் வைத்த ரகமும் வேண்டாம், சோப்பும் உப்பும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வழவழப்பான, வெளிர் சாம்பல் அல்லது சந்தன நிறம் பாருங்கள். பிடித்த இரண்டு மாதிரித் துண்டுகளை வாங்கி வந்து, உங்கள் போர் தண்ணீரைத் தெளித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் எது சரி என்று உங்களுக்கே தெரியும்.

உப்புக் கறை என்றதும் ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கிளேஸ் அதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். ஒயிட் சிமெண்ட் இணைப்பு கரைந்து போகும். அதனால் ஷவர் சுவரின் இணைப்பை நிரப்ப எபாக்ஸி கிரவுட் போடுங்கள். விலை கூடுதல்தான், பழகிய ஆள்தான் போட வேண்டும், காய்வதற்குள் துடைக்காவிட்டால் டைல்ஸ் மேலேயே இறுகிவிடும். ஆனாலும் காசைக் குறைக்கக் கூடாத இடம் இது. இணைப்பு 2 மி.மீ. ஆவது இருக்க, டைல்ஸ் நடுவே ஸ்பேசர் எனும் இடைவெளித் துண்டுகளை வைக்கச் சொல்லுங்கள். சுவர் சேரும் மூலைகளில் மட்டும் கிரவுட்டுக்குப் பதில் சிலிகான்.

அளவு? 2-க்கு 4 டைல்ஸ் ஒன்று ஏறக்குறைய 15 கிலோ. இணைப்பு குறையும், அழகுதான். ஆனால் பழைய வீட்டுச் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருப்பது அபூர்வம். வளைவெல்லாம் விளிம்பில் துருத்திக் காட்டும். நானாக இருந்தால் 2-க்கு 2 ஜிவிடி எடுப்பேன், அதில் பாதி எடைதான்.

குளியலறை முழுக்கவும் தேவையில்லை. ஷவர் இருக்கும் 5 அடிச் சுவர், இரு பக்கமும் 3 அடி, உயரம் 7 அடி என்றால் 77 சதுர அடி. சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 85. மீதிச் சுவருக்கு மேஸ்திரி சொல்லும் செராமிக்கே தாராளமாகப் போதும். இரண்டின் கனமும் வேறுபடலாம், சேரும் இடத்தை முன்கூட்டியே அவரிடம் காட்டிவிடுங்கள்.

பெட்டிகளில் லாட் எண்ணும் ஷேட் எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியில் ஏற்றும் முன்பே பாருங்கள். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்காமல் நான்கைந்தைப் பரணில் போட்டு வையுங்கள். பின்னாளில் குழாய்க்காக ஒன்றை உடைக்க நேர்ந்தால், அதே ஷேட் எந்தக் கடையிலும் கிடைக்காது.