பொம்மையத் தலைகீழா திருப்பி முதல்ல வயித்தப் பாருங்க

கேள்வி இதுதான்: "எட்டு வயசுப் பையனுக்கு டைனோசர் பொம்மை வாங்கணும், அவன் கடையிலயே 'இது தப்பு, நிஜ டைனோசர் இப்படி இருக்காது'ங்கிறான், ஒரு பொம்மை அறிவியல்படி சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது, பெரியவங்க யாராவது இதெல்லாம் சேர்க்கிறீங்களா?"

நான் சேர்க்கிறேங்க, பதினோரு வருஷமா. வீட்டுல ரெண்டு கண்ணாடி அலமாரி நிறைய இருக்கு. எனக்கு வேலை பல் லேப்ல, அதாவது டாக்டருங்க அளவெடுத்து அனுப்புற அச்ச வச்சு கேப், பிரிட்ஜ், பல்செட்டு செய்யற இடம். நாள் பூரா மெழுகுல பல்லச் செதுக்கி செதுக்கி ஒரு உருவத்தப் பார்த்தா எங்க தப்புன்னு தேடுற பழக்கம் கைக்கு வந்துடுச்சு, அதனாலதான் இந்த விஷயம் என்னை இப்படிப் பிடிச்சுக்கிச்சுன்னு நினைக்கிறேன்.

உங்க பையன் சொல்றதுல நியாயம் இருக்கு, அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா "சரி", "தப்பு"ன்னு ரெண்டே கட்டம் போட்டுப் பார்த்தா இந்த விஷயம் பிடிபடாது. நான் ஒரு பொம்மைய கையில எடுத்தா முதல் வேலையா தலைகீழா திருப்பி வயித்தப் பார்ப்பேன். நல்ல கம்பெனி பொம்மைன்னா பெரும்பாலும் அங்கயோ உள்ளங்கால்லயோ வருஷமும் மிருகத்தோட பேரும் பொறிச்சிருக்கும். அந்த வருஷத்துல ஆராய்ச்சியாளர்களுக்கு என்ன தெரியும், அதுல எவ்வளவு இந்தப் பொம்மைக்குள்ள வந்திருக்கு, நான் கேக்கிறது அவ்வளவுதான். லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்காக இன்விக்டான்னு ஒரு கம்பெனி 1974லேர்ந்து ஒரே கலர்ல வார்த்த பொம்மைகள்ல டி ரெக்ஸ் நிமிர்ந்து நின்னு வாலத் தரையில போட்டிருக்கும். இன்னைக்கு அது தப்புதான், ஆனா அப்ப மியூசியங்கள்லயே எலும்புக்கூட அப்படித்தான் நிறுத்தி வச்சிருந்தாங்க. ஜான் ஆஸ்ட்ரோம்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1969ல டைனோனிகஸ்ங்கிற சுறுசுறுப்பான வேட்டை டைனோசர் பத்தி எழுதினதுக்கு அப்புறம்தான் முதுகு தரைக்கு இணையா, வால் பின்னாடி நீட்டி, பறவை மாதிரி ஓடுற உருவம் மெல்ல மெல்ல எல்லா இடத்துக்கும் பரவிச்சு. அதனால இன்விக்டா பொம்மைய நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன். அதே நிமிர்ந்த டி ரெக்ஸ இன்னைக்குத் தேதியில புதுசா அச்சடிச்சு வித்தா மட்டும் கோவம் வரும், ஏன்னா இப்ப தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு எல்லாமே கையெட்டுற தூரத்துல இருக்கு.

வருஷம் பார்த்தாச்சுன்னா அடுத்தது கை. முகத்துக்கு எல்லாருமே பார்த்துப் பார்த்து செய்வாங்க, கையிலதான் உண்மை வெளிய வரும். டி ரெக்ஸுக்கு நகத்தோட ரெண்டு விரல், அல்லோசாரஸுக்கு மூணு, இத எண்ணிப் பாருங்க. அப்புறம் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருங்க. பாதிக்கு மேல பொம்மைங்க உள்ளங்கையத் தரையப் பார்த்து தொங்க விட்டிருக்கும், முன்னங்கால தூக்கி நிக்கிற முயல் மாதிரி. அந்த வகை டைனோசருக்கு மணிக்கட்டு அப்படித் திரும்பவே திரும்பாது. ரெண்டு உள்ளங்கையும் ஒண்ண ஒண்ணு பார்த்தபடி இருக்கணும், நாம கும்பிடறதுக்குக் கை சேர்க்கப் போற நேரத்துல இருக்குமே அந்த மாதிரி. இது ஒண்ண மட்டும் பையனுக்குச் சொல்லிக் குடுத்தீங்கன்னா கடையில இருக்கிற அலமாரியில பாதிய அவனே கழிச்சிடுவான்.

நீளக் கழுத்து டைனோசருக்கு, அதாவது பிராக்கியோசாரஸ், டிப்ளோடோகஸ் மாதிரி சாரோபாடுங்களுக்கு, முன்னங்காலப் பாருங்க. கோயில் யானைய பக்கத்துல நின்னு பார்த்திருப்பீங்க, முன்னங்கால்ல வரிசையா நகம் தெரியும். நிறைய பொம்மைங்கள்ல சிற்பி அதையே கொண்டாந்து ஒட்டிடுவாரு. நிஜத்துல சாரோபாடோட முன் பாதம் யானை மாதிரி இல்லவே இல்ல, உள்ளங்கை எலும்புங்க எல்லாம் செங்குத்தா ஒரு தூண் மாதிரி அரைவட்டமா நின்னுருக்கும், பதிஞ்ச தடம் குதிரை லாடம் மாதிரி விழும், நகம்னு பார்த்தா கட்டை விரல்ல ஒண்ணே ஒண்ணு. பின்னால வந்த டைட்டனோசார்ங்கிற சாரோபாட் வகையில அந்த ஒண்ணும் காணாமப் போச்சு. பின்னங்கால்ல தனியா மூணு பெரிய நகம் இருக்கும். நான் முதல் மூணு வருஷம் வாங்கின சாரோபாட் எல்லாத்துக்கும் யானைக் கால்தான், தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் பார்த்தேன், ஒரே ஒரு சின்ன பொம்மையில மட்டும் சரியா இருந்துச்சு. எட்டு சென்டிமீட்டர் கூட இருக்காது, அத செஞ்ச கை யாரோடதுன்னு தெரியல, ஆனா அந்த ஆள் யாரும் குனிஞ்சு பார்க்காத இடத்துக்கும் படிச்சுட்டுதான் செஞ்சிருக்காரு. அது இன்னைக்கும் மேல் தட்டுல நடுவுல இருக்கு.

டிரைசெராடாப்ஸுக்கும் இதே கதைதான், முன்னங்கால்ல அஞ்சு விரல் இருந்தாலும் உள்பக்கம் மூணுலதான் குளம்பு, வெளி ரெண்டும் சும்மா சின்னதா ஒட்டிக்கிட்டிருக்கும். அஞ்சுலயும் குளம்பு போட்டிருந்தா தப்பு. ஸ்டெகோசாரஸ்னா முதுகுத் தட்டுங்க ஜோடி ஜோடியா இல்லாம ஒண்ணு மாத்தி ஒண்ணா வரணும், வால் முள்ளு நாலு, அது வானத்தப் பார்க்காம பக்கவாட்டுல விரியணும்.

வாலுக்கு வருவோம். டி ரெக்ஸ் வகையோட வால் இடுப்புல ஆரம்பிக்கிற இடத்துல நல்லா பருத்திருக்கணும், ஏன்னா வாலுலேர்ந்து தொடை எலும்புக்குப் போற பெரிய தசைதான் காலப் பின்னால இழுத்து நடக்க வைக்குது, உடும்புக்கும் முதலைக்கும் இன்னைக்கும் அது இருக்கு. இடுப்ப விட்டதும் சாட்டைக் கயிறு மாதிரி ஒல்லியாயிடுச்சுன்னா அந்த மிருகம் நடந்திருக்க முடியாது. அதே மாதிரி மண்டை ஓட்டுல இருக்கிற குழியெல்லாம் தோலுக்கு மேலயே தெரியுதுன்னா சிற்பி எலும்புக்கூட்டு மேல பிளாஸ்டிக் பேப்பர் சுத்தி விட்டிருக்காருன்னு அர்த்தம். நம்ம கன்னத்துல மண்டை ஓட்டுக் குழி தெரியுதா என்ன?

இப்ப என் தொழில் விஷயம், பல்லு. இதுல கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், மன்னிச்சுக்குங்க. டி ரெக்ஸோட பல்ல எல்லாம் ஒரே அளவுல சீப்பு மாதிரி வரிசையா வச்சிருந்தா அந்தப் பொம்மைய வச்சுட்டு வந்துடுங்க. மேல் தாடை முன்பக்கம் பக்கத்துக்கு நாலு பல்லு சின்னதா இருக்கும், குறுக்கா வெட்டிப் பார்த்தா ஆங்கில 'D' எழுத்து மாதிரி, எலும்புலேர்ந்து கறியச் சுரண்டத் தோதா. பக்கத்துல இருக்கிறதுதான் கனமான பெரிய பல்லு. அதுவும் வாழ்நாள் பூரா விழுந்து விழுந்து முளைச்சதால ஒண்ணு நீளமா, பக்கத்துல இருக்கிறது பாதி முளைச்சதா, ஏத்த இறக்கமாதான் இருக்கும். ஒரு நாள் லேப்ல டைம் கிடைச்சப்ப என்கிட்ட இருக்கிற ஒரு பொம்மையோட வாய லூப், அதாவது பெருசாக்கிக் காட்டுற கண்ணாடி, போட்டுப் பார்த்தேன். மொத்தத் தலையே நாலு சென்டிமீட்டர்தான், அதுக்குள்ள முன்பல்லு சின்னதா தனியா செதுக்கி, இடது பக்கம் மூணாவது பல்ல மட்டும் அரைகுறையா முளைக்க விட்டிருந்தாங்க. அதுக்கு மேல தந்தக் கலர், அடியில லேசா பழுப்பு. எங்க லேப்லயும் கேப்புக்கு ஷேட் அப்படித்தான் போடுவோம், ஈறு ஓரம் கொஞ்சம் அடர்த்தியா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

அப்புறம் உதடு. வாய மூடினாலும் மேல் பல்லு வெளிய தொங்குற முதலை மாதிரி டி ரெக்ஸுதான் ரொம்ப நாளா எல்லாரும் செஞ்சாங்க. 2023ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, டி ரெக்ஸோட சொந்தக்கார இனமான டாஸ்பிளெடோசாரஸோட பல்லையும் அலிகேட்டர் பல்லையும் அறுத்து ஒப்பிட்டாங்க. வெளிய தெரியற அலிகேட்டர் பல்லுல வெளிப்பக்க எனாமல் தேஞ்சு போயிருக்கு, டாஸ்பிளெடோசாரஸுல எனாமல் மெலிசா இருந்தும் அப்படித் தேயல, அப்ப அது ஈரமா, மூடின வாய்க்குள்ள இருந்திருக்கணும், உடும்புக்கு இருக்கிற மாதிரி உதடு இருந்திருக்கணும்னு சொல்றாங்க. எல்லா ஆராய்ச்சியாளரும் ஒத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்லல. ஆனா எச்சில் ஊறாம வாய் காஞ்சு போற ஆளுங்களோட பல்லு என்ன கதிக்கு வருதுன்னு தினமும் அச்சுல பார்க்கிற எனக்கு அத படிச்சப்ப சட்டுனு ஒத்துக்கத் தோணுச்சு. அதுலேர்ந்து உதடு வச்ச டி ரெக்ஸ்தான் வாங்குறேன்.

இறகு விஷயத்துலதான் வருஷம் பார்க்கிறதோட அருமை புரியும். 2012ல சீனாவுல யூட்டிரன்னஸ்னு ஒம்போது மீட்டர் டைனோசர் இறகோட கிடைச்சுச்சு, டி ரெக்ஸுக்கு தூரத்து உறவு. அப்ப டி ரெக்ஸுக்கும் இறகு இருந்திருக்கலாம்தானே? அத நம்பி அமெரிக்க கம்பெனி சஃபாரி லிமிடெட் 2017ல இறகு போர்த்தின டி ரெக்ஸ் ஒண்ணு கொண்டு வந்தாங்க, டக் வாட்சன் செதுக்கினது. அதே 2017 நடுவுல கழுத்து, இடுப்பு, வால்ல கிடைச்ச டி ரெக்ஸ் தோல் பதிவ வச்சு, அங்கெல்லாம் இருந்தது சின்னச் சின்ன செதில்தான்னு ஒரு ஆய்வு வந்துடுச்சு. அதுக்காக அந்த பொம்மைய நான் தூக்கிப் போடல, போடவும் மாட்டேன், அந்த வருஷ ஆரம்பத்துல இருந்த அறிவுக்கு அது நேர்மையான பதில். கை, கால், வால், பல்லு எல்லாமே அவ்வளவு கச்சிதம்.

ஸ்பைனோசாரஸ் இன்னும் பெரிய கதை. எகிப்துல 1912ல கிடைச்சு ஸ்ட்ரோமர்ங்கிற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 1915ல பேர் வச்சாரு, அந்த எலும்புங்க 1944 ஏப்ரல்ல மியூனிக் மேல விழுந்த குண்டுல அழிஞ்சு போச்சு. 2014ல புது எலும்பு கிடைச்சு பின்னங்கால் குட்டைன்னாங்க, 2020ல வால் துடுப்பு மாதிரி அகலம்னு தெரிஞ்சுச்சு. என்கிட்ட மூணு ஸ்பைனோசாரஸ் வரிசையா இருக்கு, நெட்டக் கால், குட்டக் கால், துடுப்பு வால்னு. ஒரே மிருகம், அலமாரியில மூணு மிருகம் மாதிரி நிக்கும்.

ஆனா வெலோசிராப்டர் விஷயத்துல மன்னிக்க மாட்டேன். 2007லயே முன்கை எலும்புல இறகு பொருந்தற முடிச்சு கண்டுபிடிச்சுட்டாங்க. உயரம் வான்கோழி அளவுதான், வாலோட சேர்த்து ரெண்டு மீட்டர் நீளம். இன்னமும் மொட்டைப் பல்லி மாதிரி செஞ்சா தப்பு, தலையில மட்டும் நாலு இறகு குத்தி விட்டாலும் தப்புதான். இறகு ரெண்டாவது விரல் வரைக்கும் போய் முழு றெக்கையா விரியணும்.

கலர் பத்தி பையன் சண்டை போட்டா விட்டுடுங்க, பெரும்பாலும் அது கற்பனைதான். ஆனா சிலதுக்கு நிஜமாவே தெரியும். சைனோசாரோப்டெரிக்ஸ்ங்கிற சின்ன டைனோசரோட வால்ல செம்பழுப்பும் வெள்ளையுமா பட்டை இருந்துச்சுன்னு 2010ல இறகுல இருந்த நிறத்துகள்கள வச்சு சொன்னாங்க. அத பச்சையில அடிச்சா தப்புன்னு தைரியமா சொல்லலாம்.

நம்ம ஊர்ப் பக்கம் கிடைச்சதுக்கு பொம்மை உண்டான்னு அடுத்து கேப்பீங்க. அரியலூர்ப் பக்கம் கிடைச்ச எலும்புக்கு 1979ல திராவிடோசாரஸ்னு பேர் வச்சு ஸ்டெகோசார் வகைன்னாங்க, பிற்பாடு வேற ஆளுங்க இது டைனோசரே இல்ல, ப்ளீசியோசார்ங்கிற கடல் ஊர்வனன்னாங்க, சண்டை ஓயல. கல்லமேட்டுல கிடைச்சு 1987ல பேர் வச்ச புருகத்காயோசாரஸ் உலகத்துலயே பெரிய டைனோசர்ல ஒண்ணா இருந்திருக்கலாம், ஆனா அந்த எலும்புங்க பொடிஞ்சே போச்சு. இதுங்களுக்கு எவ்வளவு அழகா பொம்மை செஞ்சாலும் சரியா தப்பான்னு எத வச்சு சொல்றது? எனக்கு மனசுல உறுத்துற விஷயம் இது. நேர்ல பார்க்கணும்னா ஹைதராபாத் பிர்லா சயின்ஸ் மியூசியத்துல கோட்டாசாரஸ் எலும்புக்கூடு நிக்குது, பையனக் கூட்டிட்டுப் போங்க. கல்கத்தா ஐ.எஸ்.ஐ.ல, அதாவது இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்ஸ்டிட்யூட்ல, பாராபாசாரஸ் இருக்கு.

வாங்கறதுக்கு வருவோம். சஃபாரி, கலெக்டா, சீனாவோட பி.என்.எஸ்.ஓ. மூணும் பொதுவா நம்பி வாங்கலாம், அப்பவும் ஒவ்வொரு பொம்மையா பாருங்க, கம்பெனி பேர மட்டும் பார்க்காதீங்க. கார்னெகி மியூசியத்தோட சேர்ந்து சஃபாரி 1988லேர்ந்து 2015 வரைக்கும் போட்ட கார்னெகி கலெக்‌ஷன் பழசு எங்கயாவது கிடைச்சா விடாதீங்க. ஸ்கேல் பார்க்க ஒரு அடிஸ்கேல் போதும், சிகாகோவுல இருக்கிற சூங்கிற டி ரெக்ஸ் 12.3 மீட்டர், அப்ப நாப்பதுல ஒரு பங்கு பொம்மைன்னா மூக்குலேர்ந்து வால் நுனி வரைக்கும் வளைவோட அளந்தா 31 சென்டிமீட்டர் கிட்ட வரணும், தலை மூணரை. தலை அஞ்சு சென்டிமீட்டர் வந்தா முகத்துக்காக ஊதி விட்டிருக்காங்க. ரெண்டு காலுல நிக்கிறதுக்காக பாதத்த பெருசாக்குறதும் உண்டு, அத நான் மன்னிச்சுடுவேன், கீழ விழுந்து வால் உடையறத விட அது தேவல.

நம்ம வெயிலுக்கு இந்த பிளாஸ்டிக் இளகி, மே மாசம் பார்த்தா பொம்மை மூக்கு குப்புற சாஞ்சிருக்கும். பயப்படாதீங்க, கொதிக்க வச்சு இறக்கின தண்ணியில அந்தக் காலை மட்டும் ஒரு நிமிஷம் முக்கி, நேரா நிமித்திப் பிடிச்சு, உடனே ஐஸ் தண்ணியில விட்டா அப்படியே நின்னுடும். சூடு தண்ணி வேலைய பையன்கிட்ட விடாதீங்க, ஐஸ் தண்ணி அவன் பங்கு.

ஆன்லைன்ல வாங்கினா விக்கிறவர்கிட்ட பக்கவாட்டு போட்டோ மட்டும் வாங்காம, நேர் முன்னாடிலேர்ந்து ஒண்ணு, வயித்துப் பக்கம் ஒண்ணு கேளுங்க. முன்னாடி போட்டோவுல உள்ளங்கை தெரியும், வயித்துல வருஷம் தெரியும். அனுப்ப மாட்டேன்னு சொன்னவர்கிட்ட நான் இதுவரைக்கும் வாங்கினதில்ல. பையன் எந்த டைனோசர் கேக்கிறான்னு கமெண்ட்ல சொல்லுங்க, என்கிட்ட இருந்தா கை, கால், பல்லு மூணையும் கிட்டக்க போட்டோ எடுத்துப் போடுறேன்.