அங்கி, வாக்குச்சீட்டு, நிக்கல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கத்தோலிக்கக் குரு தேர்தலில் நிற்க எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது?

பதில்: திருச்சபைச் சட்டம்தான். நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் குருக்களுக்குத் தடை இல்லை. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்டால் 123(3) பிரிவின்படி வெற்றி செல்லாமல் போகலாம். அது எல்லா வேட்பாளருக்கும் பொது. திருச்சபையின் 285-வது விதி, ஆட்சி அதிகாரமுள்ள பதவியை ஏற்கக் கூடாது என்கிறது. 287-வது விதி கட்சிப் பணியைத் தடுத்தாலும், பொதுநன்மைக்குத் தேவை என்று திருச்சபை அதிகாரி கருதினால் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை பதவிக்கும் சேர்த்துத்தான் என்று பலர் தப்பாக எண்ணிக்கொள்கிறார்கள்.

பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில் 2007-ல் எட் பன்லிலியோ என்ற குரு 1,147 வாக்கு வித்தியாசத்தில் ஆளுநரானார் (அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்). குருத்துவப் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். பினாட்டுபோ எரிமலை மணல் ஏற்றும் லாரிகளிடம் வரியை ஒழுங்காக வசூலித்ததில், நாளுக்குச் சுமார் 10 லட்சம் பேசோ சேர்ந்தது. ஆனாலும் 2010 தேர்தலில் தோற்றார்.

கேள்வி: அதே நாட்டில் எட்வின் கரிகெஸ் அடிகளார் பதவியே இல்லாமல் நிக்கல் சுரங்கத்தை நிறுத்தினாராமே, உண்ணாவிரதத்தாலா?

பதில்: உண்ணாவிரதத்தால் மட்டும் அல்ல. மின்டோரோ தீவில் சுரங்க ஒப்பந்தம் 2001-ல் ரத்தாகி, 2004-ல் அதிபர் அலுவலகத்தால் உயிர்பெற்றது. நடுவே 2002-ல் மாகாண மன்றம் சுரங்கத்துக்கு 25 ஆண்டுத் தடை விதித்திருந்தது. ஆனால் சுரங்க ஒப்பந்தம் போடுவது மத்திய அரசு. மாகாணத் தீர்மானத்தை மட்டும் நம்பியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஆகவே போராட்டம் சுரங்க நிறுவனத்தின் சொந்த நாடான நார்வேக்கும் போனது. பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) நெறிமுறைகளின்கீழ் அங்கே புகார் பதிவானது. கேட்கப்பட்டது இதுதான்: மின்டோரோவின் மங்கியன் பழங்குடிகளின் சம்மதம் என்று காட்டப்படும் காகிதத்தில் கையெழுத்திட்டது எந்த ஊரார்? பாதிக்கப்படும் ஊர்கள் எல்லாம் அதில் இருக்கின்றனவா? புகாரை விசாரித்தவர்களின் 2011 அறிக்கை, கலந்தாலோசனை போதவில்லை என்றது.

அதற்கு முன்பே, 2009-ல் சுற்றுச்சூழல் துறை அனுமதிச் சான்று தந்துவிட்டது. அப்போதுதான் கரிகெஸும் மற்றவர்களும் மணிலாவில் அத்துறை அலுவலகம் முன்பு 11 நாள் பட்டினி கிடந்தார்கள். சான்று நிறுத்திவைக்கப்பட்டது. 2012-ல் கரிகெஸுக்குச் சுற்றுச்சூழல் போராளிகளுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது.